இரண்டாம் வருஷத்தின் முதல் நாள்

அத்தியாயம் 14

ஜூலை முதல் தேதி விடிந்தால் ஆஸ்பத்திரி முழுவதற்கும் ஒரே நாளில் ஒரு வயது கூடிவிடும்.

நேற்றுவரை இன்டர்ன், அதாவது முதல் வருஷப் பயிற்சி டாக்டர் என்று மூச்சுவாங்க ஓடியவர்கள் இன்று இரண்டாம் வருஷ சீனியர்கள். நேற்றைய இரண்டாம் வருஷம் இன்று மூன்றாம் வருஷம். மூன்றையும் முடித்தவர்கள் போய்விட்டார்கள். பாதிப் பேர் இதயம், சிறுநீரகம் என்று மேலே படிக்க, மீதிப் பேர் முழு டாக்டராக வேலை பார்க்க. அவர்கள் காலி செய்த ஏணியின் கடைசிப் படியில், மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டோடு புது முகங்கள் வந்து நிற்கும்.

ரொவேனா அகுஸ்டின் அன்று காலையில்தான் சீனியர் ஆனாள். அவளுடைய அம்மா பெர்லிட்டா அதே ஆஸ்பத்திரியின் ஆறாவது மாடியில் நோயாளியாகப் படுத்திருந்தாள்.

முந்தின நாள் சாயங்காலம், ஹொனொலூலுவின் கலிஹிப் பகுதியில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அண்ணன் ரோடல், மனைவி குழந்தைகளோடு லாஸ் வேகாஸுக்கே குடிபோகப் போவதாகச் சொன்னான். ஹொனொலூலுவில் இனி ஒரு வீடு வாங்கத் தன்னால் முடியாது, தெருவில் பாதிப் பேர் ஏற்கெனவே வேகாஸில்தான் இருக்கிறார்கள் என்றான். பெர்லிட்டா கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் அப்படியே நாற்காலியில் விழுந்தாள்.

மகன் சொன்ன செய்திதான் தள்ளிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். ரொவேனா நெற்றியைத் தொட்டுப் பார்த்தபோது அனலாகக் கொதித்தது. முதுகுவலி நாலு நாளாகியும் விடவில்லை, ரெண்டு நாளாகக் குளிரும் சேர்ந்திருக்கிறது என்று அம்மா அப்போதுதான் ஒப்புக்கொண்டாள். சர்க்கரை வேறு. அவசரப் பிரிவில் சிறுநீரைச் சோதித்தார்கள். கிருமி இருந்தது. கிட்னிவரை தொற்று ஏறியிருக்கிறது என்று சொல்லிப் படுக்கை கொடுத்தார்கள். ரொவேனாவும் அதைத்தான் நினைத்திருந்தாள். கைத்தாங்கலாக, ஆனால் சொந்தக் காலில் நடந்துதான் அம்மா உள்ளே போனாள்.

---

வேலை தொடங்குமுன் ரொவேனா ஆறாவது மாடிக்கு ஏறினாள்.

ரோடல் துறைமுக பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்து கிடந்தான். அம்மா கண்ணை மூடியபடி முனகிக்கொண்டிருந்தாள். ராத்திரி ஒரு டாக்டர் வந்தாராம், காலையில் வேறு ரெண்டு பேர் வந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார்களாம். ஒரே கதையை எத்தனை தடவை சொல்வது என்று அம்மாவுக்கு அலுப்பு.

"இன்னிக்கு எல்லாரும் மாறுற நாள்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"முதுகு விட்டுப்போகுது கண்ணு," என்றாள் அம்மா. "மாத்திரை குடுத்தும் அடங்கல."

ரோடல் தங்கையை வராந்தாவுக்குக் கூட்டிப்போனான். கம்ப்யூட்டரில் அம்மாவின் ரிப்போர்ட்டைத் திறந்து என்னவென்று பார்த்துச் சொல்லச் சொன்னான். முடியாது என்றாள் ரொவேனா. தன் வார்டு நாலாவது மாடி, அம்மா வேறு டீமின் நோயாளி, சொந்தக்காரர்களின் ரிப்போர்ட்டைத் தொட்டாலே வேலை போய்விடும் என்று விளக்கினாள்.

அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்:

"நாலு வருஷம் அமெரிக்காவோட அந்தக் கோடியில போய்ப் படிச்ச. நான் இங்க அம்மாவப் பாத்துக்கிட்டேன். திரும்பி வந்து ஒரு வருஷம் ஆச்சு, உன் முகத்தை மாசத்துக்கு ரெண்டு தடவை பாக்கறோம். சரி, டாக்டருக்குப் படிக்கிறாளேன்னு விட்டோம். இப்ப அம்மா உன் ஆஸ்பத்திரியில படுத்திருக்கு, நீ பாக்க முடியாதுங்கற. அப்ப எங்களுக்கு உன்னால என்ன பிரயோஜனம் ரோ?"

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கீழே போக நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள். அது உண்மைதான். இருந்தாலும் வாயிலிருந்து வந்தபோது பொய்போலக் கேட்டது.

---

நாலாவது மாடியில் சீஃப் டங்கன் அவளுக்காகக் காத்திருந்தான். மூன்று வருஷமும் முடித்துவிட்டு, ஒரு வருஷம் கூடுதலாக இருந்து எல்லோருக்கும் டியூட்டி போடுகிறவன் சீஃப். அம்மா விஷயம் அவன் காதுக்கு எட்டியிருந்தது.

இப்படிப்பட்ட நாட்களுக்கென்றே தினமும் ஒருவர் வீட்டில் தயாராக இருப்பார். கூப்பிட்டால் வந்து பொறுப்பை ஏற்றுக்கொள்வார். கூப்பிடட்டுமா என்று டங்கன் கேட்டான்.

வேண்டாம் என்றாள். அம்மாவுக்குச் சாதாரணத் தொற்றுதான், மருந்து ஏறுகிறது, தான் சமாளித்துக்கொள்வதாகச் சொன்னாள்.

அவள் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. வருஷத்தில் ரெண்டு முறை பேராசிரியர்கள் கூடி உட்கார்ந்து ஒவ்வொரு பயிற்சி டாக்டரையும் அலசுவார்கள். இவர் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார் என்பதைவிட, இவரை நம்பி ரெண்டு இன்டர்ன்களைக் கையில் கொடுக்கலாமா என்பதுதான் அங்கே பெரிய கேள்வி. ஏப்ரலில் ரொவேனாவைப் பற்றி அவர்கள் சொன்னது: 'மருத்துவம் நன்றாகத் தெரிகிறது. முன்னால் நிற்கத் தயங்குகிறார்.' மேலே அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த ரெண்டாவது வாக்கியம் அவளை விடவில்லை. குளிக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் அதற்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். சீனியராகும் முதல் நாளே வேறொருவரைக் கூப்பிட்டு நிறுத்தினால், அவர்கள் சொன்னது சரிதான் என்று தானே கையெழுத்துப் போட்டமாதிரி ஆகும்.

டங்கன் வற்புறுத்தவில்லை. எப்போது வேண்டுமானாலும் மனசு மாறலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவளுக்குக் கொடுத்திருந்த ரெண்டு இன்டர்ன்களில் ஒருவனுக்கு அன்று வெளிநோயாளிப் பிரிவு முறை. வாரம் பாதி வார்டு, பாதி வெளிநோயாளி என்று பயிற்சியே அப்படித்தான் பிரிந்து பிரிந்து போகும். மிச்சம் இருந்தவள் ஹானா லிண்ட். மினசோட்டாக்காரி. ஒரு வாரத்துக்கு முன்புதான் தீவில் வந்து இறங்கியவள். மூக்கெல்லாம் வெயிலில் சிவந்து தோலுரிந்திருந்தது. தலைவலி மாத்திரை எழுதக்கூட ரெண்டு தடவை சரிபார்த்தாள்.

"எதுவா இருந்தாலும் என்னைக் கூப்பிடு," என்றாள் ரொவேனா. "முட்டாள்தனமான கேள்வியா இருந்தாலும் பரவால்ல. டீம் போன் என் கையிலதான் இருக்கும்."

பெரிய டாக்டர் மிலானி கஹானு வந்தார். இந்த டீமின் நோயாளிகள் எல்லோருக்கும் கடைசிப் பொறுப்பு அவருடையது. இன்டர்ன் எழுதுவதை சீனியர் பார்ப்பார், சீனியர் முடிவு செய்வதைக் கஹானு பார்ப்பார். அதிகம் பேசமாட்டார். பேசினால் யாரும் மறக்க முடியாது.

அன்று அவர்களுக்குக் கவலை தந்த நோயாளி மிஸ்டர் நகமுரா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்து வந்திருந்தார். கசிவு நின்றுவிட்டது. இருந்தாலும் மறுபடி தொடங்கலாம், ஒரு கண் அவர்மேல் இருக்கட்டும் என்று கஹானு சொன்னார். ரொவேனா தலையாட்டினாள். ரவுண்ட்ஸ் ஒழுங்காக முடிந்தது. கஹானு போகும்போது நல்ல ஆரம்பம் என்றார். ரொவேனாவுக்கு ஏப்ரலிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் இளகியது.

---

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய சொந்த போனில் ரோடல் கூப்பிட்டான். குரல் காலையில் பேசியதுபோல இல்லை.

அம்மா காலையிலிருந்து ஒன்றுக்கே போகவில்லையாம். இப்போது போகவேண்டும் என்று எழுந்தவளுக்கு நிற்க முடியவில்லையாம். நர்ஸிடம் சொன்னார்களாம். நர்ஸ் இன்டர்னிடம் சொன்னாளாம். காய்ச்சலில் உடம்பு அசந்திருக்கும், படுத்துக்கொண்டே போகட்டும் என்று இன்டர்ன் சொல்லிவிட்டானாம்.

"அம்மா ஒண்ணு சொல்லுது ரோ. காலு வேற யாரோடதோ மாதிரி இருக்குன்னு சொல்லுது."

ரொவேனா எழுந்தாள். ஹானா எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். இதோ வந்துவிடுகிறேன் என்றாள் அவளிடம். எங்கே என்று சொல்லவில்லை. டீமின் போன் மேஜைமேல் சார்ஜில் கிடந்தது. அதை எடுக்கவும் இல்லை.

லிஃப்டுக்குக் காத்திருக்க முடியாமல் படியேறினாள். அம்மாவின் கட்டில் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. தன் அடையாள அட்டையைக் காட்டினால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். ரோடல் அவள் முகத்தைப் பார்த்தான், கம்ப்யூட்டரைப் பார்த்தான். ஒதுங்கி வழி விட்டான்.

அவள் அந்தப் பக்கம் போகவில்லை. போர்வையை விலக்கி அம்மாவின் பாதங்களைக் கையில் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் காலைப் பிடிக்க மகளுக்கு யார் அனுமதியும் தேவையில்லை.

"என் கையை அழுத்தும்மா. வண்டி ஓட்டும்போது ஆக்ஸிலேட்டரை மிதிப்ப இல்ல, அது மாதிரி."

வலது கால் லேசாக அழுத்தியது. இடது காலில் ஒன்றுமே இல்லை.

"அழுத்தறேனே," என்றாள் அம்மா.

அடிவயிறு பந்துபோல வீங்கியிருந்தது. சிறுநீர் உள்ளேயே தேங்கி நிற்கிறது. காய்ச்சல், முதுகுவலி, கால் மரத்துப்போவது, நீர் பிரியாமல் இருப்பது. இன்டர்ன் வருஷத்தில் வகுப்பில் தூக்கக் கலக்கத்தோடு கேட்ட பாடம் ஒன்று கண்முன் வந்து நின்றது. கிட்னியில் தொற்று இருக்கலாம். ஆனால் அது மட்டும் இல்லை. முதுகெலும்புக்கு உள்ளே சீழ் கட்டி நரம்பை நசுக்குகிறது. மணிக்கணக்கில் தாமதித்தால் கால் போய்விடும்.

---

ஆறாவது மாடியின் சீனியர் ப்ரெண்ட் தெங்கான். போன வருஷம் முழுக்க ரொவேனாவோடு சேர்ந்து இன்டர்னாகக் கஷ்டப்பட்டவன். ஒரே பாக்கெட் பிஸ்கட்டைப் பகிர்ந்து தின்று ராத்திரிகளைக் கழித்தவர்கள். அவனுக்கும் இன்றுதான் முதல் நாள். அவன் கையில் ரெண்டு புது இன்டர்ன்கள், ஒரு வார்டு நிறைய நோயாளிகள்.

அவள் சொன்னதை அவன் நின்றுகொண்டே கேட்டான். ராத்திரி டீம் கிட்னித் தொற்று என்றுதான் ஒப்படைத்துவிட்டுப் போனது, சிறுநீர்ச் சோதனையும் அதைத்தான் சொல்கிறது, தன் டீமின் பெரிய டாக்டரும் காலையில் ஒத்துக்கொண்டார் என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான்.

"ரொவேனா, கோச்சுக்காத. இந்த மாடியில இன்னிக்கு நீ டாக்டர் இல்ல. மகள்."

"மகளாத்தான் சொல்றேன். எங்கம்மா நேத்து நடந்து வந்தாங்க. இன்னிக்கு இடது கால் அசையல. நேத்து நீ அவங்களப் பாக்கல, நான் பாத்தேன். வந்து கால மட்டும் பிடிச்சுப் பாரு. நான் சொல்றது தப்புன்னா கீழ போயிடறேன்."

அவன் வந்தான். முட்டிக்குக் கீழே தட்டிப் பார்த்தான். பாதத்தில் சாவியால் கோடு இழுத்தான். எப்போது தொடங்கப் போகிறாய் என்று அம்மா அவனைக் கேட்டாள். அவன் ஏற்கெனவே கோடு இழுத்து முடித்திருந்தான்.

ப்ரெண்டின் முகம் வெளுத்துவிட்டது.

வராந்தாவுக்கு வந்ததும் போனை எடுத்தான். எண்ணைத் தேடினான். அழுத்தவில்லை. பெரிய டாக்டர் ஒரு கூட்டத்தில் இருக்கிறார் என்றான். காலையில்தான் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன் என்றான். முதலில் இன்னொரு முறை தெளிவாகப் பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிட்டு...

அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று ரொவேனாவுக்கு நன்றாகத் தெரிந்தது. காலையில் டங்கன் கேட்டபோது அவள் பயந்ததும் அதற்கேதான்.

"ப்ரெண்ட், கூப்பிடு," என்றாள். "நாம ரெண்டு பேரும் சீனியராகி அரை நாள்தான் ஆச்சு. அவருக்குத் தெரியாதா அது?"

அவன் கூப்பிட்டான். அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். ஸ்கேன் அறையிலிருந்த நோயாளியை இறக்கி அம்மாவை ஏற்றினார்கள். நரம்பு அறுவை டாக்டருக்குத் தகவல் போனது. ஸ்கேனின் முதல் படங்கள் வந்ததும் ப்ரெண்ட் வெளியே வந்து, ரொவேனா சொன்னதுதான் என்பதுபோலத் தலையை அசைத்தான். ரோடல் சுவரில் சாய்ந்துகொண்டான்.

அப்போதுதான் ரொவேனா தன் கோட் பையைத் தொட்டுப் பார்த்தாள். டீமின் போன் இல்லை.

---

நாலாவது மாடிக் கதவைத் தள்ளியபோதே தெரிந்தது. நகமுராவின் அறை காலியாக இருந்தது. கட்டில் இருந்த இடத்தில் தரையில் ரத்தம். துடைக்கிறவர் வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

ஹானா மாடிப்படி ஓரத்தில் நின்றாள். அழுது முடித்த முகம். திணறித் திணறிச் சொன்னாள். ரொவேனா போன கொஞ்ச நேரத்தில் நகமுரா ரத்த வாந்தி எடுத்தார். அவள் போனில் கூப்பிட்டாள். மணி அவள் முன்னாலிருந்த மேஜையிலேயே அடித்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி அங்கேயே அடித்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு நர்ஸ் அவசர அழைப்பு கொடுத்து, ஐசியுவிலிருந்து மூன்றாம் வருஷக்காரர் ஓடிவந்தார். ரத்தம் ஏற்றி, ஐசியுவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் ரத்த அழுத்தம் ரொம்ப நேரம் கீழேயே கிடந்ததால் கிட்னி அடி வாங்கியிருக்கிறதாம்.

ரொவேனா அந்தக் காலி அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"டாக்டர் கஹானு வந்து நீங்க எங்கேன்னு கேட்டாங்க," என்றாள் ஹானா. "அம்மாவுக்கு அவசரம்னு போனீங்க, போறதுக்கு முன்னாடி ஐசியு டாக்டர்கிட்ட என்னைப் பாத்துக்கச் சொல்லிட்டுத்தான் போனீங்கன்னு சொல்லிட்டேன்."

"நான் சொல்லலையே ஹானா."

"தெரியும். நீங்க எங்க போனீங்கன்னே ஆறாவது மாடி நர்ஸ் போன்ல சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாவம் உங்கம்மா. நான் வேற என்ன சொல்றது?"

ரொவேனா பதில் சொல்வதற்குள் கஹானுவே வராந்தாவில் வந்துவிட்டார். ரொவேனாவின் தோளில் கை வைத்தார். ஹானா எல்லாம் சொன்னாள், ஆளை ஏற்பாடு செய்துவிட்டுப் போனது நல்ல காரியம், வீட்டிலிருந்து மாற்று ஆளைக் கூப்பிட்டாகிவிட்டது, இனி இங்கே நிற்கவேண்டாம், அம்மாவிடம் போ என்றார்.

சொல்வதற்கு அதுதான் சமயம். ரொவேனா வாயைத் திறந்தாள். மேலே அம்மாவை அறுவைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று ரோடலின் செய்தி போனில் வந்து விழுந்தது. அவள் நன்றி என்று சொன்னாள். சொல்லிவிட்டு ஓடினாள்.

---

அறுவை நடந்த நேரம் முழுக்க ரோடலும் அவளும் ஒரே வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ வாங்கிவந்த ஸ்பாம் முசுபி, இறைச்சி வைத்துச் சுற்றிய சோற்றுப் பொட்டலம், பிரிக்காமலே கிடந்தது. ரோடல் எழுந்து ஜன்னல்வரை போவான், திரும்பி வருவான். அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அதில் ஒன்றும் வராது.

"நான் வேகாஸ்னு சொன்னதுலதான் விழுந்தாங்கன்னு ராத்திரி பூரா நினைச்சேன்," என்றான் ரோடல்.

"இல்லண்ணா. அது ஒரு வாரமாவே உள்ள இருந்திருக்கும்."

அவனுக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆறுதலானதற்கே வெட்கமாகவும் இருந்தது. முதுகுவலி என்று அம்மா சொன்னபோது மருந்துக் கடையில் பிளாஸ்டர் வாங்கி ஒட்டிவிட்டதைச் சொன்னான். ரொவேனாவிடமும் அம்மா போனில் சொல்லியிருந்தாள். வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறை நாள் அது. சரிம்மா, ஓய்வெடு என்று சொல்லிவிட்டு ரொவேனா தூங்கிப்போனாள். அதை அவள் அண்ணனிடம் சொல்லவில்லை.

"காலைல உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றான் அவன் கொஞ்ச நேரம் கழித்து. "நீ இல்லன்னா இன்னிக்கு அந்தப் பையன் நம்ம அம்மாவ அப்படியே படுக்க வச்சிருப்பான்."

அந்தப் பையன் என்று அவன் சொன்னது ஆறாவது மாடி இன்டர்னை. முதல் நாள், எதையும் அறியாதவன். நாலாவது மாடியிலும் இன்று அப்படித்தான் ஒரு பெண் தனியாக நின்றாள் என்று ரொவேனா நினைத்தாள். அண்ணனுடைய பாராட்டை அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வேகாஸ் என்னாச்சு என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவனுடைய மனைவியிடமிருந்து போன் வந்தபோது எழுந்து தூரமாகப் போய்ப் பேசினான்.

வெயில் சாயும் நேரத்தில் அறுவை டாக்டர் வந்தார். சீழை எடுத்தாயிற்று என்றார். நல்ல நேரத்தில் பிடித்தீர்கள், ஆனால் நரம்பு எவ்வளவு திரும்பும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது என்றார்.

பெர்லிட்டா கண் விழித்தபோது ஒரு நர்ஸ், ஒரு டாக்டர், ப்ரெண்ட், ரோடல், ரொவேனா எல்லோரும் கட்டிலின் கால்மாட்டில் கூட்டமாக நின்றார்கள். விரலை அசைக்கச் சொன்னார்கள். வலது கால் விரல்கள் அசைந்தன. இடது காலை எல்லோரும் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன எல்லாரும் அங்கயே பாக்கறீங்க," என்றாள் பெர்லிட்டா மயக்கம் தெளியாத குரலில். "நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

ரோடல் சிரித்தான். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டான். இடது கால் அசையவில்லை. நாளைக் காலையில் மறுபடி பார்க்கலாம் என்று நர்ஸ் போர்வையை இழுத்து மூடினாள்.

---

ரொவேனா அம்மாவின் தலையைக் கோதிவிட்டு, அண்ணனிடம் உட்கார் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

வழியில் ஹானா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ரொவேனா அவளை நிறுத்தினாள். கஹானுவிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றாள். ஹானாவின் முகம் வெளிறியது.

"நீ எனக்காகச் சொன்ன. அது எனக்குத் தெரியும்," என்றாள் ரொவேனா. "உன் பங்கை நான் சொல்லமாட்டேன். அதை நீயே சொல்லிக்கோ. நாளைக்கு வேணாலும் சொல்லு. ஆனா சொல்லிடு."

கஹானு தன் அறையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். ரொவேனா நின்றபடியே சொன்னாள். யாரிடமும் சொல்லாமல் போனது, போனை விட்டுவிட்டுப் போனது, யாரையும் ஏற்பாடு செய்யாதது. காலையில் டங்கன் மாற்று ஆளைக் கூப்பிடட்டுமா என்று கேட்டதையும், தான் வேண்டாம் என்றதையும் விடவில்லை.

கஹானு கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

"ஏன் வேண்டாம்னு சொன்ன?"

"தயங்கறவள்னு மறுபடி எழுதிடுவீங்கன்னு பயந்தேன்."

"அதை எழுதினது நான்தான்," என்றார் கஹானு.

ரொவேனாவுக்கு அது தெரியாது.

"நீ முன்னால நிக்கத் தயங்கறதா எழுதினேன். முன்னால நிக்கறவ தனக்குப் பின்னால நிக்க ஒருத்தரைக் கூப்பிடணும். மூணு வருஷமும் அதுக்குத்தானே இத்தனை பேர ஒருத்தர் மேல ஒருத்தரா வச்சிருக்கோம்." குரலை உயர்த்தவில்லை. "நாளைக்குக் காலைல பயிற்சி ப்ரோக்ராம் டைரக்டர் அறைக்கு வா. நானும் இருப்பேன். என்ன முடிவாகும்னு இப்ப எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் டீமை வேற ஒருத்தர் பாத்துப்பாங்க."

ரொவேனா தலையாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"இரு," என்றார் கஹானு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "நகமுராவோட மகள் ஐசியு வாசல்ல இருக்காங்க. அப்பாவுக்கு அப்படி ஆனப்ப அவரோட டாக்டர் எங்க இருந்தாங்கன்னு என்னைக் கேட்டாங்க. எனக்குச் சொன்னதை நான் அவங்ககிட்ட சொல்லியிருக்கேன். இப்ப அது பொய்னு ஆயிடுச்சு. நான் பக்கத்துல இருப்பேன். பேச வேண்டியது நீ."

ஐசியுவுக்குப் போகும் வராந்தா நீளமானது. கஹானு வேகமாக நடக்கவில்லை. ரொவேனா மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். ஆறாவது மாடியில் தன் அம்மாவுக்காகத் தான் எப்படி நின்றாளோ, எப்படிக் கேட்டாளோ, அப்படியே அந்தப் பெண்ணும் கேட்கலாம். கேட்க அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு.

நகமுராவின் மகள் பள்ளிக்கூட ஆசிரியை. லோரி என்று பெயர். அப்பாவின் செருப்பை ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்தாள். ரொவேனாவின் கோட்டில் இருந்த பெயரைப் படித்தாள். அவள் முகம் இளகியது.

"நீங்கதானா," என்றாள். "குடும்பத்துல அவசரம்னு டாக்டர் சொன்னாங்க. உங்கம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

ரொவேனா அடுக்கிவைத்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன. கஹானு ஒரு அடி தள்ளி நின்றார். உதவிக்கு வரவில்லை.

"ஆப்பரேஷன் முடிஞ்சுது," என்றாள் ரொவேனா. "பேசறாங்க. ஒரு கால்தான் இன்னும் அசையல."

லோரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கையை விடாமலே ரொவேனா பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

"உட்காருங்க," என்றாள். "நான் போனதைப் பத்தி உங்ககிட்ட சொன்னது சரியில்ல. நடந்தது என்னன்னு நான் சொல்றேன்."